முனியப்பன் பங்கு

கீழப்பழுவூர்,
3.2.2025

பெரம்பலூரில் இருக்கும் அப்பாவுக்கு,

நேற்று உங்களைப் பார்க்க வந்தபோது நான் முதலில் கவனித்தது உங்கள் டீ கிளாஸைத்தான். ஒரு கையால் பிடித்திருந்தீர்கள். வீட்டில் எப்போதும் இரண்டு கையாலும் பிடிப்பீர்கள், அப்படியும் சட்டையில் கொட்டும். நேற்று கொட்டவில்லை. ஒரு கையில் கிளாஸை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். என்ன கேட்டீர்கள் என்பதே பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. "பருத்தி எடுக்கப் போறியாமே பாப்பா, விரல் வலிக்குதா?" என்று கேட்டீர்கள். வலிக்கிறது. காய்ந்த ஓடு நகக்கண்ணில் குத்துகிறது. குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில்.

எனக்கு நேரில் பேச வராது, போனிலும் வராது. உங்களுக்கே தெரியும். சத்தம் கேட்டால் நீங்கள் எழுந்துவிடுவீர்கள், எழுந்தால் சண்டை வரும் என்று நானும் அம்மாவும் வாயைத் திறக்காமலே இருந்து பழகிவிட்டோம். நீங்கள் அங்கே போன பிறகு அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கிறார்கூட. எனக்கு இன்னும் வரவில்லை. உங்கள் குடி மறுவாழ்வு மையத்தில் போன் தர மாட்டோம், கடிதம் போட்டால் கொடுப்போம் என்று மஞ்சு மேடம் சொன்னது எனக்கு நல்லதாகப் போயிற்று.

ஊரில் எல்லாரும் சோளத்தை ரோட்டில் காயப் போட்டிருக்கிறார்கள், சிமெண்ட் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் பாதியில் விட்ட குளிக்கிற மறைப்புச் சுவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கம்பு ஒன்றை முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

பஸ்ஸில் அம்மா ஒன்று சொன்னார். நீங்கள் ரத்தமாக வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நம் முனியப்பனிடம் வேண்டிக்கொண்டாராம். நீங்கள் குடியை விட்டுவிட்டால் உங்கள் கையாலேயே சாமிக்குப் படையல் வைப்பதாக. மாசிக் கடைசி ஞாயிறு படையல் முறை இந்த வருஷம் நம் வீட்டுக்கே வந்திருக்கிறது. சாமியே கேட்டு வாங்கிக்கொள்கிறது என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோழி, கருவாடு, முட்டை, சுருட்டு. அடுத்தது பாட்டில் என்று சொல்ல வந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

குடியை நிறுத்தினால் சாராயம் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார் அப்பா. அம்மாவுக்கே அது அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

உங்கள் மகள்
அபிநயா

*

பெரம்பலூர்,
8.2.2025

என் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கொடுத்தார்கள். வரிசையை விட்டுவிட்டுப் போய்ப் படித்தேன். நீ இவ்வளவு பேசுவாய் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இனி நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, எழுது.

எனக்கு இங்கே வேலை கொடுத்திருக்கிறார்கள். சமையல் கட்டுக்குப் பின்னால் துணி துவைக்க ஒரு மேடை கட்டச் சொன்னார்கள். கொத்தனார் கரண்டியைப் பிடித்து ரொம்ப நாள் ஆயிற்று, பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன். கட்டி முடித்து ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. ஆடவே இல்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரில் கடைசியாக என்னை வேலைக்குக் கூப்பிட்டவர் என் சுவரைப் பார்த்துவிட்டு, மேஸ்திரி குடிச்சா சுவரும் குடிக்குமா என்று கேட்டது உனக்குத் தெரியாது. அந்த மறைப்புச் சுவருக்கு முட்டு எல்லாம் வேண்டாம், அதன் பக்கம் போகாதீர்கள். வந்து இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறேன்.

பசி எடுக்கிறது. ரசத்தில் உப்புக் குறைந்தால் தெரிகிறது. முன்பு எது தின்றாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. முதல் வாரம் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், அதெல்லாம் எழுத வேண்டாம்.

காலையில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவராகப் பேசச் சொல்கிறார்கள். எனக்கும் வாய் வராது, அது உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கும். போன வாரம் மஞ்சு மேடம் என்னைப் பார்த்து, உங்கள் மகள் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று கேட்டார். அவள் அம்மாவுக்கு ஒத்தாசைக்கு என்று சொன்னேன். அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சொல்லி முடித்த பிறகு ஒரு மாதிரியாக இருந்தது. அப்படித்தானே பாப்பா?

முனியப்பன் விஷயம். வேண்டியது வேண்டியதுதான். அதை யோசித்து நீ பயப்படாதே. ஒரு நாள் ஊருக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறேன்.

அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

அப்பா
கொளஞ்சி

*

கீழப்பழுவூர்,
14.2.2025

அப்பாவுக்கு,

துவைக்கிற மேடையைப் பற்றி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், அப்படி இல்லை. நான் அம்மாவுக்கு ஒத்தாசைக்காக நிற்கவில்லை. ஒன்பதாவது முழுப் பரீட்சைக்குப் பிறகு ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடப் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அம்மா வேலைக்குப் போய்விட்டார், நீங்கள் வந்தீர்கள். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு பேனாவைப் பிடித்தீர்கள். பெயர் வரவில்லை, கோடு கோடாக இழுத்தீர்கள். கார்டைத் தாண்டி மேசை மேலும் போயிற்று. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அடுத்த நாள் போயிருப்பேன். எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்புக்குக் கூப்பிட டீச்சர் வீட்டுக்கு வந்தபோது நான் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான். உங்களை வருத்தப்பட வைக்க இதை எழுதவில்லை. வட்டமாக உட்காரும்போது சரியானதைச் சொல்லுங்கள்.

நேற்று அமாவாசைப் பெரியப்பா வந்தார். "என்ன பாப்பா, உங்கப்பன் சாமியாராப் போயிட்டானாமே, காவி வாங்கிக் குடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினார். அம்மா தண்ணீர் கொடுத்தார். பெரியப்பா படையல் எப்படி நடக்கும் என்று எடுத்துச் சொன்னார். பெண்களை அடுப்புக்கு அந்தப் பக்கம் விடுவதில்லை, அதனால் எனக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரியும். முறைக்காரர்தான் மூடியைத் திறக்க வேண்டுமாம். சாமிக்கு முதலில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் கொட்டாங்குச்சியில் ஊற்றி முறைக்காரர் முதல் வாய் குடிக்க வேண்டுமாம். அவர் குடிக்காமல் பங்காளிகள் யாரும் வாய் வைக்க முடியாதாம்.

அம்மா மெதுவாக, அந்த ஒன்றை மட்டும் நீங்களே செய்துவிடக் கூடாதா மாமா என்று கேட்டார். பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "நீ என்னன்னு வேண்டுன? அவன் கையாலன்னுதான வேண்டுன? இப்ப சாமிய ஏமாத்தலாம்னு பாக்குறியா? முனியப்பன் பங்கு குடியில சேராது, அது தீர்த்தம்" என்றார். முறையைத் தட்டிய வீடுகளில் என்னென்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னார். யார் வீட்டு மாடு செத்தது, யார் பையன் லாரியில் அடிபட்டான் என்று. அவர் போன பிறகு அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "குடுத்தது அது. குடுத்தத அதுவே எடுத்துக்கிட்டா நான் என்னடி பண்ணுவேன்" என்றார். உங்களைத்தான் சொல்கிறார்.

அம்மாவுக்கு முனியப்பனிடம் பயம். எனக்கு அந்தக் கொட்டாங்குச்சியிடம் பயம்.

அப்பா, நீங்கள் படையலுக்கு வர வேண்டாம். அனுமதி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். இதை நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

உங்கள்
அபி

*

பெரம்பலூர்,
19.2.2025

அபிநயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வராதே என்று எழுதியிருக்கிறாய். யார் வீட்டுக்கு யார் வரக்கூடாது என்று நீ சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டதா?

நான் பொய் சொல்லப் போவதில்லை. அனுமதி கிடைத்துவிட்டது. ஞாயிறு காலையில் வந்து சாயங்காலம் திரும்ப வேண்டும்.

உன் பெரியப்பா திங்கட்கிழமை இங்கே வந்து என்னைப் பார்த்தார். வாழைப்பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் முனியப்பனைக் காட்டியது அவர்தான். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஒரு வாய். சாமி பெயரைச் சொல்லி ஒரு வாய். அதைக் குடி என்று எவன் சொல்லுவான்? உன் அம்மா நான் பிழைக்க வேண்டும் என்று வேண்டியதை நான் வந்து நிறைவேற்றாமல் போனால் அப்புறம் நான் என்ன மனுஷன்?

உனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போன பங்காளிகள் முன்னால் நான் ஒரு தடவையாவது குளித்து, வேட்டி கட்டி, நிதானமாக நின்று முறை செய்ய வேண்டும். அதற்காகத்தான் இங்கே ஒவ்வொரு நாளையும் தள்ளுகிறேன். என் மேல் இவ்வளவுகூட நம்பிக்கை இல்லை என்றால் நேரில் வந்தபோது சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் காரியத்தில் நீ நுழையாதே.

மஞ்சு மேடமும் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறார். போவதாக இருந்தால் கூட ஒருவரை அனுப்புகிறேன் என்றார். நான் என்ன திருடனா, கூட ஆள் வர? வேண்டாம் என்றுவிட்டேன்.

ரேங்க் கார்டு எனக்கு ஞாபகம் இல்லை. தப்பிக்கச் சொல்லவில்லை. இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன், அந்த மேசைகூட ஞாபகம் வரவில்லை.

கொளஞ்சி

*

கீழப்பழுவூர்,
24.2.2025

அப்பா,

நேரில் வந்தபோது சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

போன தடவை நீங்கள் குடியை நிறுத்தியது சிறுவாச்சூர் அம்மன் கோயிலில். வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். சூடத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தீர்கள், நான் பக்கத்தில் பூத்தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் நீங்கள் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வருவீர்கள். அந்த நாட்களில் அம்மாவுக்குத் தலைவலிகூட வரவில்லை.

பிறகு பெரியப்பா வீட்டுக் காதுகுத்து வந்தது. அங்கேயும் ஒரு வாய்தான். சொந்தக்காரர்கள் மனசு நோகக் கூடாது என்று ஒரு வாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைத் திருகினீர்கள். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இடது மணிக்கட்டு இன்னும் குடம் தூக்கினால் வலிக்கிறது, அதனால்தான் அம்மா வலது இடுப்பிலேயே தூக்குகிறார். ஒரு வாய்க்கு அப்புறம் நீங்கள் நிறுத்தி நான் பார்த்ததில்லை. சாமியின் ஒரு வாய், சொந்தக்காரர்களின் ஒரு வாய் என்று உள்ளே போன பிறகு அதற்குத் தெரியுமா?

பாட்டிலைப் பெரியப்பா இப்போதே வாங்கிக் கொடுத்துவிட்டார். முறைக்காரர் வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். அரிசி டிரம் மேல் இருக்கிறது. அம்மா அதற்கு விபூதி பூசி, பழைய புடவையால் மூடி வைத்திருக்கிறார். காலையில் அரிசி எடுக்கும்போது கும்பிட்டுவிட்டு எடுக்கிறார். நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுக்கிறேன். நீங்கள் இல்லாத இந்த வீட்டில் இப்போது அதுதான் ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. மேடை கட்டியதை எழுதியிருந்தீர்களே, அன்று முழுக்க அதை நினைத்துக்கொண்டுதான் பருத்தி எடுத்தேன்.

நீங்கள் வாருங்கள், வராமல் இருங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் அந்த முதல் வாயை நீங்கள் குடித்தால் நான் அன்றைக்கே தா.பழூர் வீரம்மாள் அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன். வயல் வேலைக்கு ஆள் இல்லை, என்னை அனுப்பு என்று அத்தை ரொம்ப நாளாக அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். போனால் திரும்பி வர மாட்டேன். உங்களுக்குக் கடிதமும் எழுத மாட்டேன். பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். மிரட்டுவதற்காக இல்லை. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது.

அபிநயா

*

கீழப்பழுவூர்,
10.3.2025

அப்பாவுக்கு,

என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. நேற்று வந்தபோதும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கிளம்பிப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. பெரியப்பா வீட்டிலிருந்து யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் இன்று காலையிலிருந்து எங்களோடு பேசுவதில்லை. அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது, பாதியில் அழுதுவிடுவார். அதனால் நான் எழுதுகிறேன்.

காலையில் நீங்கள் வீட்டுக்குள் வந்ததும் கதவுக்குப் பின்னால் இருந்த என் பையைப் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு போய்க் குளித்தீர்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்கள், அம்மா கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டீர்கள். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கொட்டாங்குச்சி எடுத்து வைத்தாயா என்று கேட்டீர்கள். எடுத்து வைத்தேன் என்று தலையை ஆட்டினேன். அப்போதே எனக்கு எல்லாம் போய்விட்டது. பஸ் எத்தனை மணிக்கு என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டேன்.

முனியப்பன் கோயிலில் நான் அடுப்புக்குப் பின்னால் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். நீங்கள் இலை போட்டு, சோறு, கருவாடு, முட்டை எல்லாம் வரிசையாக வைப்பது தெரிந்தது. கை நிதானமாக இருந்தது. பங்காளிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாகூட, "பாருடா, நூல் புடிச்ச மாதிரி வைக்கிறான்" என்றார். சுருட்டைப் பற்ற வைத்து ஊன்றினீர்கள். அப்புறம் பாட்டிலை எடுத்தீர்கள்.

பெருவிரலை மூடியின் மேல் வைத்தீர்கள். அப்படியே இருந்தீர்கள். "ம், தொறடா" என்றார் பெரியப்பா. அம்மா கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் மூடவில்லை. பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

நீங்கள் பாட்டிலை இலை ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தீர்கள்.

"அண்ணே, என்னால இதத் தொறக்க முடியாது. தொறந்தா குடிச்சிருவேன். ஒரு வாயோட நிறுத்தத் தெரியாதுண்ணே எனக்கு" என்றீர்கள்.

நீங்கள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வரப்பில் இறங்கி ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டீர்கள். எனக்கு அப்போதுதான் என் பை ஞாபகம் வந்தது. இனி அதைப் பிரித்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்று காலையில் பிரித்துவிட்டேன்.

இது வரை உங்களுக்குத் தெரியும்.

பிறகு ஒருவர் சிரித்தார். "முடியாதுங்கறதுக்கா ஆஸ்பத்திரியில வெச்சு வைத்தியம் பாத்தாங்க" என்றார். பெரியப்பா அவரைப் பார்த்து வாயை மூடச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே பாட்டிலை எடுக்கக் குனிந்தார். மற்றவர்கள் விடவில்லை. முறைக்கார வீட்டுக் கை இல்லாமல் திறந்தால் அத்தனை பேருக்கும் ஆகாது, கொளஞ்சிக்கு ஆண் பிள்ளையும் இல்லை, என்ன செய்வது என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் வாயாலதான் கேட்டேன், என்னைய எடுத்துக்க, அவர விட்டுடு" என்று முனியப்பனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நெற்றியைத் தரையில் முட்டினார். நான் போய்ப் பிடித்தேன், என் கையைத் தட்டிவிட்டார்.

பெரியப்பா வண்டியை எடுக்கச் சொன்னார். அழைத்து வாருங்கள் என்று சொல்லவில்லை. "தூக்கிட்டு வாங்கடா அவன. பஸ் ஸ்டாப்லதான் நிப்பான். வந்து ஒரு வாய் வெச்சிட்டு எங்க வேணும்னாலும் போவட்டும்" என்றார். இரண்டு பேர் வண்டியை உதைத்தார்கள். எனக்குத் தெரியும், அந்த பஸ் என்றைக்கும் நேரத்துக்கு வராது. நீங்கள் அங்கே வெயிலில் நின்றுகொண்டிருப்பீர்கள். இவர்கள் வந்து கையைப் பிடித்தால் இன்னொரு தடவை முடியாது என்று சொல்ல உங்களால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை சொன்னதற்கே உங்கள் சட்டை முதுகில் ஒட்டிப் போயிருந்தது.

கையில் இருந்த விறகைக் கீழே போட்டேன். அடுப்பைத் தாண்டினேன்.

"ஏ பாப்பா, எங்க வர்ற? பொம்பளப்புள்ள, அந்தாண்ட போ" என்றார் பெரியப்பா. முகத்தைப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று இலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். பாட்டிலை எடுத்துவிட்டேன். யாரோ கிட்டே வந்தார்கள்.

"எங்க வூட்டு முறை. இது எங்க வூட்டுக் கை" என்றேன்.

அப்பா, என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வண்டி உதைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிட்டே வந்தவர் நின்றுவிட்டார். பெரியப்பா என்னைத் தொடவில்லை. சாமி பாட்டிலைப் பிடித்திருப்பவரை எப்படித் தொடுவது என்று அவருக்கு இருந்திருக்கும். "சரி, தொற. சாமிக்குக் கொஞ்சம் ஊத்திட்டு இந்தாண்ட குடு" என்று கொட்டாங்குச்சியை நீட்டினார்.

மூடி வரவில்லை. தாவணியை வைத்துத் திருகினேன். திறந்ததும் அந்த வாசனை வந்தது. நம் வீட்டு வாசனை. முனியப்பன் தலையில் ஊற்றினேன். பெரியப்பா போதும் என்றார். நான் நிறுத்தவில்லை. போதும் பாப்பா என்று மறுபடியும் சொன்னார். தோளில் ஊற்றினேன், காலில் ஊற்றினேன், சுருட்டு அணைந்துபோயிற்று. மண் குடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சொட்டுவது நிற்கும்வரை நின்றேன். கொட்டாங்குச்சி பெரியப்பா கையில் காய்ந்தபடியே இருந்தது.

ரோட்டில் உங்கள் பஸ் போகிற சத்தம் கேட்டது.

பாட்டிலைக் கீழே வைத்தேன். அடுப்பில் கோழிக்கறி அடிபிடிக்கிற வாசனை வந்தது. திரும்பிப் போய்க் கரண்டியை எடுத்துக் கிளறிவிட்டேன்.

அபி